சூட்டு முள்: மே மாத நாட்குறிப்பு

மே 6, 2025, செவ்வாய்

வடபழனியில் மெட்ரோ வேலைக்காகச் சாலையைக் குறுக்கியிருக்கும் இடத்தில் எங்கள் பழைய மாருதி 800 நகராமல் நின்றபோது, வெப்பமானி முள் நடுக்கோட்டைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டிருந்தது. பின்னிருக்கையில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்த அப்பா, கண்ணைத் திறக்காமலேயே, "ஃபேன் சத்தம் வரலயே" என்றார். முள்ளை அவர் பார்க்கவில்லை, காதால் கண்டுபிடித்துவிட்டார்.

ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுவதும் திறந்து, அதன் காற்றைக் கடைசி எண்ணுக்குத் திருப்பினேன். ஹீட்டருக்குள் இருப்பதும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான் என்பதால் எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கை அது வாங்கி உள்ளே இருப்பவர்களின் முகத்தில் கொட்டும். அக்னி நட்சத்திரம் தொடங்கியிருக்கும் வாரத்தில், காலை பத்தரை மணிக்கு, சென்னையில் ஹீட்டர் போட்டுக்கொண்டு போன கார் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். பக்கத்து ஆட்டோக்காரர் எங்கள் கண்ணாடிகள் இறங்கியிருப்பதையும் அப்பா துண்டால் முகத்தைத் துடைப்பதையும் பார்த்துவிட்டு, பானெட்டைக் காட்டி ஏதோ சைகை செய்தார். தெரியும் என்று தலையசைத்தேன். முள் சிவப்புக்கு ஒரு நூல் கீழே நின்றது.

அரும்பாக்கம் தாண்டிச் சாலை சற்று விட்டதும் முள் இறங்கியது. ஓடும்போது இறங்கி, நிற்கும்போது ஏறுகிறது என்றால் தண்ணீர் ஓட்டத்தைவிடக் காற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பது அப்பாவின் கணக்கு. மருத்துவமனையில் டயாலிசிஸுக்கு உள்ளே போவதற்கு முன் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி அதைத்தான் சொன்னார். ஊசி போடும் கையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

மே 7, புதன்

ரேடியேட்டர் மூடியைச் சூடு ஆறும்வரை தொடக் கூடாது என்று அப்பா நான்கு முறை சொன்னார்.

மே 8, வியாழன்

இன்று ஆட்டோ. போக 320, வர 350. வாரத்தில் மூன்று நாள் என்றால் மாதத்துக்கு ஏறக்குறைய 8,700 ரூபாய். சொந்த வண்டியில் போய்வந்தால், சென்னையில் லிட்டர் 101 ரூபாய்க்கு விற்கும் பெட்ரோலில், நெரிசலையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் ஒரு நாளுக்கு 170 ரூபாயைத் தாண்டாது. தம்பி பெங்களூரிலிருந்து தொலைபேசியில், "அக்கா, அந்த வண்டியைப் புதுப்பேட்டையில் தள்ளிவிட்டால் 20,000 வரும், எதற்கு இந்தத் தலைவலி?" என்று கேட்டான். அந்த 20,000 ஆட்டோவில் இரண்டு மாதத்துக்கும் சற்று மேலே வரும் என்றும், அதற்கடுத்த மாதத்துக்கு வழியை அவன் சொல்லட்டும் என்றும் பதில் சொன்னேன். மீட்டிங் இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டான்.

மே 9, வெள்ளி

மெக்கானிக் பாய் வந்து பார்த்தார். எஞ்சினை ஓடவிட்டு, முள் ஏறியதும், கையிலிருந்த ஸ்பானரின் பின்பக்கத்தால் ஃபேன் மோட்டாரின் முதுகில் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினார். விசிறி உடனே சுழன்றது. மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்து, உள்ளே சுழலும் செம்புத் தகட்டைச் சரியாகத் தொடாமல் போயிருக்கிறது. தட்டினால் தொடுகிறது, மறுபடி நின்ற இடத்தில் நின்றுவிட்டால் தொடுவதில்லை. புது மோட்டார் 1,900 ரூபாய் என்றார். அப்பா ஜன்னலிலிருந்து, "பிரஷ் மட்டும் மாத்தலாமே பாய்" என்று குரல் கொடுத்தார். பாய் சிரித்துக்கொண்டே மோட்டாரைக் கழற்றி, அசோக் பில்லர் பக்கத்தில் இருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் அனுப்பினார். பிரஷ்ஷும் கூலியும் சேர்த்து 250. பாய்க்கு 200.

வண்டியின் பதிவுச் சான்றிதழை, அதாவது ஆர்.சி.யைப் புதுப்பிக்க எடுத்துவைத்திருக்கும் 7,000 ரூபாயில் கை வைக்கவில்லை.

மே 10, சனி

போகும்போதும் வரும்போதும் முள் நடுவிலேயே இருந்தது. அமைந்தகரை சிக்னலில் ஃபேன் ஓடத் தொடங்கிய சத்தத்தைக் கேட்டு அப்பா தலையை லேசாக ஆட்டினார். கச்சேரியில்கூட அவர் அப்படி ஆட்டி நான் பார்த்ததில்லை.

மே 12, திங்கள்

ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்திருக்கிறது. நேற்று இரவு கழுத்துவரை இருந்தது, இன்று காலையில் விரலை விட்டால்தான் ஈரம் தட்டுகிறது.

மே 13, செவ்வாய்

அப்பா நாளொன்றுக்குக் குடிப்பது எல்லாம் சேர்த்து 750 மில்லிதான் என்று எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். அதைக் குறிக்கும் நோட்டிலேயே வலப்பக்கத்தில் கோடு போட்டு, வண்டிக்கு ஊற்றியதையும் எழுதத் தொடங்கியிருக்கிறேன். இடப்பக்கம்: காலை காபி 100, மாத்திரைக்கு 50, மோர் 100. வலப்பக்கம்: காலை 400, மாலை 350. இடப்பக்கத்தைப் பார்த்து அப்பா கோபப்படுவார், வலப்பக்கத்தைக் காட்டினால் கவலைப்படுவார்.

வண்டிக்கு அடியில் செய்தித்தாள் விரித்துவைத்தேன். காலையில் ஒரு சொட்டுக்கூட இல்லை. ஒழுகாமல் தண்ணீர் குறைகிறது என்றால் ஒன்று ஓடும்போது சூட்டில் மட்டும் கசிய வேண்டும், இல்லையேல் எஞ்சினுக்குள் போய் எரிய வேண்டும். இரண்டாவதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை. சைலன்சரில் வெள்ளைப் புகை வருகிறதா என்று விடியற்காலையில் போய்ப் பார்த்தேன். ஆயில் மூடியைத் திறந்து அதன் உட்பக்கத்தை விரலால் வழித்தேன். கறுப்பு ஆயில்தான் ஒட்டியது. தண்ணீர் கலந்திருந்தால் பால் விட்ட காபி நிறத்தில் குழம்பியிருக்கும்.

மே 14, புதன்

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடலாம் என்கிறார் பாய். "நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்குக்கா?" என்பது அவருடைய கட்சி. சென்னையில் பாதிப் பழைய வண்டிகள் அது இல்லாமல்தான் ஓடுகின்றன என்பதும் உண்மை. எஞ்சின் போதிய சூடு பிடிக்கும்வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் போகவிடாமல் தடுத்து, சூடு வந்ததும் திறந்துவிடுவது அதன் வேலை. அதை எடுத்துவிட்டால் சிக்னலில் நிற்கும்போது நிம்மதியாக இருக்கும். காலியான சாலையில் எஞ்சின் சூடே பிடிக்காது, எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று கம்ப்யூட்டர் நினைத்துப் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டே இருக்கும். நான்கைந்து நூறு ரூபாய்ப் பொருளை மிச்சம் பிடித்துவிட்டு மாதாமாதம் அதைப் பெட்ரோல் பங்கில் கட்ட எனக்கு விருப்பமில்லை.

பாய்க்கு எதைக் கேட்டாலும் கடைசியில் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம். ரப்பர் குழாய் பழைய வண்டிகளில் அதனால் கெடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரேடியேட்டர் குழாயில் பெட்ரோல் ஓடுவதில்லையே என்று கேட்டதற்கு, "எல்லாம் ஒரே வண்டிதானேக்கா" என்றார். இதற்கு எப்படிப் பதில் சொல்வது?

மே 16, வெள்ளி

புது தெர்மோஸ்டாட் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் மூன்றாவது கடையில் கிடைத்தது. மாருதி 800-இன் தயாரிப்பு 2014-இல் நின்றுவிட்டாலும், உதிரிபாகத்துக்கு அலைய வேண்டியதில்லை என்பதே இந்த வண்டியை விட்டுவிடாமல் இருப்பதற்கு எனக்கு இருக்கும் ஒரே நல்ல நியாயம். தெர்மோஸ்டாட் 420, அதற்கான கேஸ்கெட் 30, ரேடியேட்டர் மூடி 160. கடைக்காரர், "எந்த வருஷம்?" என்று கேட்டார். 2005 என்றதும் ஒரு கணம் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

இரவு சமையலறையில் பால் காய்ச்சும் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, பழையதையும் புதியதையும் நூலில் கட்டி, அடி தொடாமல் தொங்கவிட்டேன். இரண்டின் விளிம்பிலும், திறக்க வேண்டிய சூடு 82 டிகிரி என்பதற்கு, 82 என்று பொறித்திருந்தது. பாத்திரத்தின் அடியில் சின்னக் குமிழிகள் எழும்பத் தொடங்கிச் சற்று நேரத்தில், தண்ணீர் இன்னும் தளதளக்காத நிலையிலேயே, புதியதன் நடுத்தட்டு ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு மெல்லக் கீழிறங்கி வழிவிட்டது. அதற்குள் இருக்கும் மெழுகு சூட்டில் விரிந்து தள்ளுகிறது. பழையது தண்ணீர் கொதித்து மேலே தெறித்த பிறகும் நகம் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. அப்பா நாற்காலியை அடுப்படிக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு இதை முழுவதும் பார்த்தார். அடுப்பை அணைத்த பிறகு பழையதை வாங்கி உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தப் பாத்திரத்தில் இனிமேல் பால் காய்ச்ச முடியாது என்று அம்மா அறிவித்துவிட்டாள்.

மே 17, சனி

வலப்பக்கம்: 300. இன்னும் குறைகிறது.

மே 19, திங்கள்

கசிவு கிடைத்துவிட்டது. ரேடியேட்டரின் மேல்தொட்டியும் குழாய்களும் சேரும் விளிம்பில், ஈயப் பற்றின் மேல், உப்புப் பூத்ததுபோல் வெள்ளையாக ஒரு கோடு இருந்தது. அழுத்தம் ஏறும்போது மட்டும் அங்கே வெளிவந்து, கீழே சொட்டுவதற்குள் சூட்டில் ஆவியாகியிருக்கிறது. எஞ்சினுக்குள் போகவில்லை. இதை எழுதும்போதுகூட எனக்குச் சிரிப்பு வருகிறது.

மே 21, புதன்

ரேடியேட்டர் கடையில் இரண்டு மணி நேரம் நின்றேன். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அப்பா போட்டது பித்தளை ரேடியேட்டர் என்பதால் பிரித்துச் சுத்தம் செய்ய முடிந்தது. கடைக்காரர் பற்றவைப்பு விளக்கால் மேல்தொட்டியின் ஈயத்தை உருக்கிக் கழற்றினார். உள்ளே பார்த்தால் சப்பையான குழாய்களின் வாயில் பாதிக்கு மேல் சாம்பல் நிறத்தில் அடைந்துகிடந்தது. போர் தண்ணீர்தான் காரணம். எங்கள் பகுதியின் போர் தண்ணீரில் சுண்ணாம்பு எவ்வளவு என்பதை வீட்டுக் குழாயின் வாயைப் பார்த்தாலே தெரியும். அவசரத்துக்கு அதையேதான் எல்லாரும் ரேடியேட்டரிலும் ஊற்றுகிறோம். அவர் மெல்லிய பட்டைக் கம்பியை ஒவ்வொரு குழாயிலும் விட்டு இடிக்க, உப்புச் சில்லுகள் அவருடைய காலடியில் கொட்டின. பிறகு மறுபடி பற்றவைத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காற்றடித்துக் காட்டினார். எங்கும் குமிழி இல்லை. 900 ரூபாய். கூலன்ட்டும், கலக்கச் சுத்திகரித்த தண்ணீரும் 410.

மாலையில் பாய் எல்லாவற்றையும் பூட்டி, மூடியைத் திறந்துவைத்தபடியே எஞ்சினை ஓடவிட்டார். ரேடியேட்டரின் கழுத்தில் குமிழி வந்துகொண்டே இருந்தது. நிற்கவில்லை. பாய் என் முகத்தைப் பார்க்காமல், "ஹெட் கேஸ்கெட்டாவும் இருக்கலாம்" என்றார். எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு அது; அது போயிருந்தால் எஞ்சினின் புகை தண்ணீருக்குள் புகுந்து குமிழியிடும். இருட்டிவிட்டது, நாளை பார்க்கலாம் என்று போய்விட்டார்.

ஹெட்டை இறக்கி, லேத்தில் கொடுத்து மட்டம் பார்த்து, கேஸ்கெட் மாற்றிப் பூட்டினால் 11,000 ஆகும். ஆர்.சி. பணம் 7,000-த்தில் இப்போது 5,300 இருக்கிறது. 2020-இல் இதே வண்டிக்குப் புதுப்பிக்க 600 ரூபாய்தான் கட்டணம். 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆகிவிட்டது, பசுமை வரி தனி. தவறவிட்டால் மாதத்துக்கு 500 ரூபாய் அபராதம். தம்பியிடம் கேட்கலாம். கேட்டால் கொடுப்பான், கொடுத்துவிட்டு விற்கச் சொல்வான். நகைக் கடனுக்கு ஏற்கெனவே வட்டி போகிறது. பள்ளிக்கூடம் திறக்கும் ஜூனில் எனக்கு முன்பணம் கேட்க முடியாது, எல்லாரும் அப்போதுதான் கேட்பார்கள். நாளை வியாழன், மறுபடி ஆட்டோ. எந்தப் பக்கம் கூட்டினாலும் கணக்கு ஒரே இடத்தில் வந்து முட்டுகிறது. சாத்தி வைத்திருந்த ஜன்னலுக்கு அப்பால் நிற்கும் அந்த வண்டியின் மேல் இன்று எனக்கு வெறுப்பு வந்தது என்பதை எழுதியே வைக்கிறேன்.

மே 22, வியாழன்

காற்று அடைத்திருக்கிறது, அவ்வளவுதான்!

அப்பாவை விட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது பாய் வண்டியின் முன்சக்கரங்களைச் செங்கல் வைத்து உயர்த்தி, ஹீட்டரைத் திறந்து, எஞ்சினை அரை மணி நேரம் ஓடவிட்டிருந்தார். காலியாகக் கழற்றி மாட்டிய ரேடியேட்டருக்குள் தங்கிய காற்று வெளியேறும்வரை குமிழி வரத்தான் செய்யும்; கேஸ்கெட் போயிருந்தால் எவ்வளவு ஓடினாலும் நிற்காது. நின்றுவிட்டது. எஞ்சினை முடுக்கிவிட்டுப் பார்த்தோம், அப்போதும் இல்லை. கழுத்தில் பச்சைக் கூலன்ட் அசையாமல் நின்றது. "நேத்தே சொல்லியிருக்கலாம்ல பாய்" என்றேன். "நேத்து எனக்கே தெரியலக்கா" என்றார். 300 கேட்டார், கொடுத்தேன்.

மே 24, சனி

வலப்பக்கம்: 0.

மே 27, செவ்வாய்

வலப்பக்கம்: 0. இடப்பக்கம்: 900. அப்பா பக்கத்து வீட்டில் மோர் வாங்கிக் குடித்திருக்கிறார். வண்டியை ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறவள் என்னை மட்டும் திருட்டுத்தனமாகக் குடிக்க வைக்கிறாய் என்று என்னையே திட்டினார். நான் பதில் பேசவில்லை. திரும்பும் வழியில் வடபழனியில் கால் மணி நேரம் நின்றோம். ஃபேன் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. இருவரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

மே 28, புதன்

அக்னி நட்சத்திரம் இன்றோடு முடிகிறதாம், வெயிலுக்கு அதை யாரும் சொல்லவில்லை.

ஜூன் 2, திங்கள்

ஆர்.சி. புதுப்பிக்க இணையத்தில் படிவம் 25 நிரப்பி, 5,000 ரூபாய் கட்டியாகிவிட்டது. பசுமை வரிக்கு அம்மா அரிசி டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். புதன்கிழமை கே.கே.நகர் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். காப்பீடு இருக்கிறது, புகைச் சான்றிதழ் சனிக்கிழமை வாங்கியது இருக்கிறது. முன் டயர்களின் பள்ளத்தில் தேய்மான அடையாளம் இன்னும் மேலே வரவில்லை, 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. இண்டிகேட்டர்கள் நான்கும் எரிகின்றன. வைப்பர் ரப்பர் 180 ரூபாய்க்கு மாற்றினேன். எஞ்சினை வாட்டர் சர்வீஸ் செய்து பளபளவென்று கொண்டுபோனால் இன்ஸ்பெக்டருக்குப் பிடிக்கும் என்று பாய் சொன்னார். இருபது வருட ஒயரிங் மேல் அழுத்தத்தோடு தண்ணீர் அடிக்க நான் விடவில்லை. துணியால் துடைத்தால் போதும்.

ஜூன் 3, செவ்வாய்

ஹார்ன் அடிக்கவில்லை. பாய் போனை எடுக்கவில்லை. ஃபியூஸ் நன்றாகத்தான் இருக்கிறது.