பீக்கன் ஹில் வாசப்படிகளில் ஹாலோவீன்

பூசணி அலங்காரமும் பேய் வேடமுமாக அக்டோபர் 31-இல் கொண்டாடும் ஹாலோவீனைப் பார்க்க பாஸ்டன் வருகிறவர்கள் பெரும்பாலும் சேலத்துக்கு ரயிலேறிவிடுகிறார்கள். நம்மூர் சேலம் அல்ல. 1692-இல் சூனியக்காரிகள் என்று பழிசுமத்தி விசாரணை நடந்த மாசசூசெட்ஸ் ஊர். நார்த் ஸ்டேஷனிலிருந்து அரை மணி நேரம்தான். திருவிழாக் கூட்டம் பிடிக்குமென்றால் போகலாம். சொந்த வீட்டு வாசலை அலங்கரிக்க யோசனை தேடுகிறவர்களுக்கு நகருக்குள்ளேயே இருக்கும் பீக்கன் ஹில் போதும். ரெட் லைன் மெட்ரோவில் சார்ல்ஸ்/எம்ஜிஹெச் நிலையத்தில் இறங்கி மேடேறினால் பிங்க்னி, மவுண்ட் வெர்னான், செஸ்ட்நட் தெருக்கள். ஏக்கான் தெருவில் எப்போதும் கேமராக் கூட்டம். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

இங்கே பல வீடுகளுக்கு முன்தோட்டமே கிடையாது. நாலு படி, இரும்புக் கைப்பிடி, ஜன்னல் தொட்டி, அவ்வளவுதான் இடம். அதனால் காற்றடித்த பத்தடிப் பேய்ப் பொம்மைக்கு வழியில்லை. செங்கல் சுவர், கறுப்புக் கதவு, கதவைத் தட்டும் பித்தளை வளையம் என்று வீட்டுக்கு ஏற்கெனவே ஒரு நிறம் இருக்கிறது. ஆரஞ்சுப் பூசணி செங்கல்லோடு கலந்து மங்கிப்போகும். வெள்ளை 'லூமினா', சாம்பல் நீல 'ஜர்ரடேல்' ரகப் பூசணிகள் எடுப்பாகத் தெரியும். ஆரஞ்சு ஒன்றிரண்டு போதும். லூமினாவை வெயிலில் வைத்தால் மஞ்சளடிக்கும், நிழல் படியில் வையுங்கள்.

படியில் அடுக்கும்போது பெரியதைக் கீழ்ப்படியின் ஓரத்தில் வைத்து, மேலே போகப்போக அளவைக் குறைக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அடுக்கினால் கடை வாசல் போலாகிவிடும். ஒரு பக்கம் ஐந்து, மறுபக்கம் இரண்டு என்றால் சரியாக இருக்கும். நடக்க முக்கால் மீட்டராவது விடுங்கள், 31-ஆம் தேதி இரவு மிட்டாய்க்கு வரும் குழந்தைகள் நீள அங்கியோடு ஏறுவார்கள். மரப்படி என்றால் ஒவ்வொரு பூசணியின் அடியிலும் வைக்கோல் பரப்புங்கள். ஈரம் தங்கினால் காய் அடியிலிருந்து அழுகி, படியிலும் கறை விழும். வைக்கோலுக்குப் பதில் உலர்புல் கட்டு வாங்காதீர்கள். மழை பட்டால் அதிலுள்ள விதை முளைத்துவிடும். மக்காச்சோளத் தட்டையைக் கைப்பிடிக் கம்பியோடு சணல் கயிற்றால் இரண்டு இடத்தில் கட்டினால் போதும். செங்கல்லில் ஆணி வேண்டாம். இந்த வட்டாரத்தில் வெளிச்சுவரை மாற்றவே முன் அனுமதி வேண்டும்.

ஜன்னல் தொட்டியில் கோடைப் பூக்கள் போய் செவ்வந்தியும் ஊதா நிற அலங்கார முட்டைக்கோஸும் வந்திருக்கும். குளிர் ஏற ஏற முட்டைக்கோஸின் நிறம் கூடும். செவ்வந்தியை மொட்டாக வாங்குங்கள். முழுதும் மலர்ந்ததை வாங்கினால் ஹாலோவீனுக்குள் பழுப்பாகிவிடும். தண்ணீர் வேரில் விழ வேண்டும், பூவில் அல்ல. குட்டிப் பூசணிகளை ஈரமண்மேல் நேராக வைக்காமல், கவிழ்த்த சிறு தொட்டிமேல் வைத்தால் வாரக்கணக்கில் நிற்கும்.

பூசணி வாங்குவதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள். காம்பு முறிந்த இடத்தில்தான் அழுகல் நுழையும். அடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், அமுங்கினால் விட்டுவிடுங்கள். செதுக்குவதற்கு 'ஹௌடன்' ரகம், இதே மாநிலத்து விவசாயி ஜான் ஹௌடன் உருவாக்கியது. கோரமுகம் வெட்டுவதைவிட, துளையிடும் கருவியில் 6, 10 மில்லிமீட்டர் துளைமுனை மாட்டி வரிசையாகத் துளை போட்டால் ஒளி அழகாகச் சிதறும். மேல்மூடியை வெட்டாமல் பின்புறத்தில் வட்டமாகத் திறந்தால் காம்பு அப்படியே இருக்கும், காய் உள்ளே சரியாது. துளையிடும் பக்கத்தின் சதையை 2.5 சென்டிமீட்டர் கனம் வரும்வரை சுரண்ட வேண்டும். தடிமனாக விட்டால் வெளிச்சம் வராது, மெலிந்தால் இரண்டே நாளில் சுருங்கும். நான்கு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி ப்ளீச் கலந்து உள்ளேயும் வெட்டு விளிம்பிலும் தெளித்துக் காயவிடுங்கள். பூஞ்சை தாமதமாகும், நிற்காது. ஆகவே 29-ஆம் தேதிக்கு முன் கத்தியை எடுக்க வேண்டாம். வெட்டாத காய் மாதக்கணக்கில் நிற்கும், செதுக்கியது ஒரு வாரம் தாங்கினாலே அதிகம். சுருங்கத் தொடங்கினால் குளிர்ந்த நீரில் சில மணி நேரம் முக்கி எடுக்கலாம். அணில்கள்? மிளகாய்த்தூள் தூவுவார்கள், அடுத்த மழை வரை பயன்.

உள்ளே பேட்டரி எல்.இ.டி போதும், 2700 கெல்வின் மஞ்சள் ஒளி. வெள்ளை ஒளி போட்டால் மருந்துக்கடைதான். மெழுகுவத்திதான் வேண்டுமென்றால் மேலே புகை போக ஒரு துளை அவசியம். பக்கத்தில் வைக்கோல் இருந்தால் அந்த ஆசையே வேண்டாம். தொங்கவிடும் பஞ்சுச் சிலந்தி வலை வீட்டுக்குள் மட்டும்: வெளியே போட்டால் தேனீயும் குருவியும் சிக்கிக்கொள்ளும்.

அக்டோபர் கடைசியில் 5.40 வாக்கில் சூரியன் மறைந்துவிடும். ஐந்து மணிக்கு நடக்கத் தொடங்கினால் பகல் நிறத்தையும் விளக்கேற்றிய படிகளையும் ஒரே நடையில் பார்க்கலாம். 31 அன்று தெருக்களை வண்டிகளுக்கு மூடிவிடுவார்கள், நெரிசலும் இருக்கும். அதற்கு முந்தைய வாரத்தில் ஒரு நாள் போவதே நல்லது. எல்லாம் ஆட்கள் குடியிருக்கும் வீடுகள், நடைபாதையில் நின்றே படமெடுங்கள்.