ஒசாகால ஒரு நாள்

காலைலயே ஒசாகா கோட்டைக்குப் போயாச்சு. 1583ல ஜப்பானோட பெரிய போர்த்தலைவர் டொயோடொமி ஹிதெயோஷி கட்ட ஆரம்பிச்ச கோட்டை, ஆனா இப்ப நிக்கிற கோபுரம் 1931ல கான்கிரீட்ல திரும்பக் கட்டினது, உள்ள லிஃப்ட் எல்லாம் இருக்கு. எனக்கு கோபுரத்தை விட கீழ இருக்கிற மதில் தான் ரொம்பப் பிடிச்சது, சாகுரா வாசல் தாண்டினதும் தாகோ-இஷினு ஒரே கல்லு, 100 டன்னுக்கு மேல எடையாம், கிட்டப் போய் நின்னு பார்த்தா எப்படித்தான் இழுத்துட்டு வந்தாங்களோனு மலைப்பா இருக்கு.

சாயங்காலம் சாப்பாட்டுக் கடைங்க நிறைஞ்ச டோடன்போரி ஏரியா. கால்வாய் ஓரம் ஓடுற மனுஷன் படம் போட்ட கிளிகோ மிட்டாய் கம்பெனி போர்டு முன்னாடி செம கூட்டம், எல்லாரும் கையைத் தூக்கிட்டு போட்டோ. நான் நேரா தகோயாகி கடைக்குப் போயிட்டேன். நம்ம குழிப்பணியாரக் கல்லு மாதிரியே இரும்புத் தட்டு, மாவை குழி தாண்டி வழிய வழிய ஊத்தி, ஆக்டோபஸ் துண்டு, வெங்காயத்தாள், சிவப்பு இஞ்சி ஊறுகாய் எல்லாம் போட்டு, அந்தக்கா கம்பியால அந்த வழிஞ்ச மாவையும் உள்ள தள்ளித் தள்ளி திருப்புற வேகம் இருக்கே, அடேங்கப்பா! மேல சாஸ், மயோனைஸ், அப்புறம் சீவின கருவாடு, அது சூட்டுல நெளியுது பாருங்க. வெளிய மொறுமொறு, உள்ள கொழகொழனு கொதிக்கும், ஆற விட்டு சாப்பிடுங்க.

ராத்திரி ஷின்செகாய் ஏரியால குஷிகாட்சு, அதாவது குச்சில குத்தி எண்ணெய்ல பொரிச்சது. பொது சாஸ் வச்சிருக்கிற கடைல ஒரு தடவை தான் முக்கணும், கடிச்சதை திரும்ப முக்கக் கூடாது, அருமையான பழக்கம். தாமரைக்கிழங்கு கட்டாயம் கேட்டு வாங்குங்க மக்களே!