இப்போ எந்த ஊர் மணி?

ஜூலை மாதம். ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். ஃபீனிக்ஸ் வெயிலில் வீட்டுக்குள்ளேயே எத்தனை நாள் உட்கார வைப்பது? மான்யுமென்ட் வேலிக்குக் கிளம்பினோம். அரிசோனாவும் யூட்டாவும் தொட்டுக்கொள்ளும் இடத்தில், நவஹோ என்னும் அமெரிக்கப் பழங்குடி மக்களின் சொந்த மண்ணில் இருக்கிற செம்பாறைப் பள்ளத்தாக்கு.

இரவு தங்கியது மொயன்கோபியில். அங்கேதான் ஏழரை தொடங்கியது. கோடையில் மணியை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் வழக்கம் அரிசோனாவில் கிடையாது. நவஹோ நாடு என்கிற அவர்களின் தன்னாட்சிப் பகுதி மூன்று மாநிலங்களில் பரந்து கிடப்பதால் அவர்கள் தள்ளிக்கொள்கிறார்கள். நவஹோவுக்கு நடுவில் இருக்கும் இன்னொரு பழங்குடியான ஹோப்பி மக்கள் தள்ளுவதில்லை. மொயன்கோபி ஹோப்பி ஊர். சாலைக்கு அந்தப் பக்கம் டியூபா சிட்டி, நவஹோ ஊர். என் போன் எந்த டவரைப் பிடிப்பது என்று தெரியாமல் ஏழு, எட்டு, மறுபடி ஏழு என்று தவித்தது. பதினைந்து வருடமாகக் கணினியில் குப்பை கொட்டுகிறவனாயிற்றே நான்! தானாக மணி மாறும் வசதியை அணைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

காலை எட்டரைக்கு மான்யுமென்ட் வேலியில் ஜீப் சவாரி. ஆறு மணிக்குக் கிளம்பி, எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே போய் நின்றேன். "பார்த்தியா, நாப்பது நிமிஷம் முன்னாடியே!" என்று மனைவியிடம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். கவுன்ட்டரில் இருந்த பெண் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். நவஹோ மணி எட்டு ஐம்பது. ஜீப் போய் இருபது நிமிடம் ஆகியிருந்தது.

மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அம்மா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "நம்மூர்ல எட்டு இருபதுடா, ராத்திரி" என்றார். அன்றைக்கு மாறாமல் இருந்தது அது ஒன்றுதான்.

சரி, சொந்தமாகவே சுற்றலாம் என்று பார்த்தால், 80 டாலர் கொடுத்து வாங்கி வைத்திருந்த தேசியப் பூங்கா அட்டை அங்கே செல்லாதாம். 1958 முதல் இது நவஹோ மக்களே நடத்தும் பூங்கா, சீட்டும் அவர்களுடையது. வாங்கிக்கொண்டு, வாடகை செடானை 17 மைல் மண் பாதையில் இறக்கினேன். (வாடகைப் பத்திரத்தில் மண் சாலை பற்றி ஏதோ ஒரு வரி இருந்ததாக ஞாபகம்.)

மண்ணா அது? சலித்த மிளகாய்த்தூள் மாதிரி. கண்ணாடியை ஏற்றியும் எப்படியோ உள்ளே வந்தது. அம்மாவின் சந்தன நிறச் சேலை அரக்கு நிறமானது. கட்டைவிரல் தனியாக நிற்கும் இரண்டு பெரிய பாறைகளுக்குக் கையுறை என்றே பெயர். அம்மா உற்றுப் பார்த்து, "போதும் நில்லுன்னு சொல்ற மாதிரி இல்ல?" என்றார். அடுத்த பள்ளத்தில் வண்டியின் அடிவயிறு தரையில் இடித்தது. அவ்வளவு பெரிய கை சொல்லியும் கேட்காதவன் நான்.

வெளியே வந்ததும் ஒரு கொட்டகையில் பொரித்த ரொட்டி. அந்த அம்மாள் மாவை உருட்டக் கட்டை எதுவும் வைத்திருக்கவில்லை. இரண்டு கைகளுக்கும் மாற்றி மாற்றித் தட்டியே அகலப்படுத்தினார். ஒரு சிட்டிகை மாவைக் கிள்ளி எண்ணெயில் போட்டார். அது மேலே வந்ததும் அம்மா தமிழில், "ம், காஞ்சிடுச்சு, போடும்மா" என்றார். அந்த அம்மாளும் போட்டார். 1864இல் அமெரிக்கப் படை இந்த மக்களைத் துப்பாக்கி முனையில் நியூ மெக்சிகோவுக்கு நடத்திக்கொண்டுபோய் அடைத்தபோது, ரேஷனாகக் கிடைத்த மாவிலும் கொழுப்பிலும் பிறந்த பண்டம் என்பார்கள். நான்கு வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது இதுவும் கூடவே வந்துவிட்டது. அம்மா இரண்டாவது ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு நான் சொன்ன இந்தக் கதையைக் கேட்டார். அப்புறம் மெதுவாக முழுவதையும் சாப்பிட்டு முடித்தார்.

இரவு மறுபடி மொயன்கோபி. மனைவியின் உத்தரவுப்படி போனில் தானாக மணி மாறும் வசதியைப் போட்டுவிட்டேன். ஐந்து மணிக்கு அலாரம் அடித்தது. எழுந்து, பல் தேய்த்து, காதுக்குள் மிச்சமிருந்த செம்மண்ணை எடுத்துவிட்டு வந்து பார்த்தால், மணி நாலு பத்து.

இருட்டில் அம்மாவின் குரல்: "என்னடா, இப்போ எந்த ஊர் மணி?"