சர்வருக்குப் போகாத ஆர்டர்கள்

பினாங்கில் மளிகைப் பொருள்களை வேனில் கொண்டுசென்று கடை கடையாக விற்பவர்களுக்கான செயலியைப் பராமரிக்கும் குழுவில் நான் வேலை செய்கிறேன். பாலிக் புலாவ் மலைச்சாலையில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும் என்பதால், அவர்கள் எடுக்கும் ஒவ்வோர் ஆர்டரும் முதலில் கைப்பேசிக்குள் இருக்கும் எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் பதிவாகி, இணைப்பு வந்த பிறகே சர்வருக்குச் செல்கிறது. அதுவரை அந்த விற்பனைக்கு வேறெங்கும் சாட்சி கிடையாது.

ஆகவே, ஆர்டர் காணவில்லை என்று புகார் வந்தால் நிரலைப் புரட்டுவதற்கு முன் தரவைத் திறந்து பார்ப்பதே என் வழக்கம். ஆண்ட்ராய்டு செயலிகளை உருவாக்கும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவின் 4.1 பதிப்பில், 2020ஆம் ஆண்டு, டேட்டாபேஸ் இன்ஸ்பெக்டர் வந்த பிறகு இது எளிதாகிவிட்டது. ஆண்ட்ராய்டு 8.0 அல்லது அதற்குப் பிந்தைய சாதனத்தில் செயலி ஓடிக்கொண்டிருக்கும்போதே அட்டவணைகளைப் பார்க்கலாம்; வேண்டிய தரவைத் தேடும் கேள்வி (கொயரி) எழுதி இயக்கலாம்; செயலியில் ஓர் ஆர்டரைச் சேமித்தால் புதிய வரிசை திரையில் வந்து நிற்பதையும் காணலாம்.

தரவுத்தளக் கோப்பைக் கணினிக்கு நகலெடுத்துப் பார்க்கும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். சோதனைக் கைப்பேசி ஒன்றிலிருந்து கோப்பை எடுத்து வந்த இளைய சக ஊழியர், "அண்ணே, சாயங்காலம் போட்ட ஆர்டர் ஒண்ணுகூட இதுல இல்லையே" என்றார். "மூணு ஃபைலையும் எடுத்தியா தம்பி?" என்று கேட்டேன். ஒன்றைத்தான் எடுத்திருந்தார். எஸ்க்யூலைட்டைக் கையாள நாங்கள் பயன்படுத்தும் ரூம் என்ற நிரல் நூலகம் பெரும்பாலான சாதனங்களில் டபிள்யூஏஎல் (ரைட்-அஹெட் லாகிங்) முறையில் இயங்குகிறது. அந்த முறையில் புதிய பதிவுகள் உடனே முதன்மைக் கோப்புக்குள் போவதில்லை. பக்கத்திலேயே இருக்கும் பதிவுக் கோப்பில் அவை சேர்ந்து, பிறகு 'செக்பாயிண்ட்' நடக்கும்போது முதன்மைக் கோப்புக்கு மாற்றப்படுகின்றன. முதன்மைக் கோப்பை மட்டும் எடுத்தால் அது பழுதில்லாமல் திறக்கும், ஆனால் பழைய நிலையைக் காட்டும். பிழைச்செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் ஆபத்து. செயலியை நிறுத்திவிட்டு முதன்மைக் கோப்பு, பதிவுக் கோப்பு, அதன் துணைக் கோப்பு என மூன்றையும் ஒன்றாக எடுத்ததும் மாலை ஆர்டர்கள் அனைத்தும் தெரிந்தன.

நேரத்திலும் இதே போன்ற மயக்கம் உண்டு. நேரத்தை மில்லிவினாடிகளாகச் சேமித்து, எஸ்க்யூலைட்டின் தேதி கணக்கிடும் கட்டளையால் நாள்வாரியாகப் பிரித்தால், 'லோக்கல்டைம்' என்று சேர்க்காதவரை அது உலகப் பொது நேரத்தையே கணக்கில் கொள்ளும். மலேசியா எட்டு மணி நேரம் முன்னால் இருப்பதால், காலை ஏழரைக்கு எடுத்த ஆர்டர் முந்தைய நாளின் கணக்கில் விழும். வேன்காரர்கள் விடிந்ததும் கிளம்புபவர்கள் ஆதலால், அலுவலக நேரத்தில் மட்டும் சோதிப்பவர் கண்ணில் இது படவே படாது.

இன்ஸ்பெக்டரில் ஒரு கட்டத்தைச் சொடுக்கி மதிப்பை மாற்றவும் முடியும். சோதனைத் தரவில் அது வசதிதான். உண்மைத் தரவின் நகலில்கூட நான் அதைச் செய்வதில்லை. திருத்திய பிறகு, பிழை எந்த நிலையில் எழுந்தது என்பதற்கான தடயம் போய்விடுகிறது. கடைக்காரர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் அதில் இருப்பதால், வேலை முடிந்ததும் நகலை அழித்துவிடுகிறோம். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதோ இல்லையோ, அது செய்ய வேண்டியதுதான்.

நான் மிகவும் அஞ்சுவது அட்டவணையின் அமைப்பை மாற்றும் புதுப்பிப்பைத்தான். தரவுத்தளத்தின் பதிப்பு எண்ணை உயர்த்திவிட்டு, பழைய தரவைப் புதிய அமைப்புக்கு மாற்றும் வழியை எழுதாமல், 'டிஸ்ட்ரக்டிவ் மைக்ரேஷன்' என்ற வசதியை இயக்கி வைத்தால், ரூம் பழைய அட்டவணைகளை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும். சர்வரிலிருந்து மீண்டும் இறக்கிக்கொள்ளக்கூடிய விலைப்பட்டியலுக்கு அது பொருந்தலாம், அனுப்பாத ஆர்டருக்குப் பொருந்தாது. எனவே ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்பு, அனுப்பப்படாத வரிசைகள் உள்ள பழைய தரவுத்தளத்தின் மீது புதிய பதிப்பை நிறுவி, அந்த வரிசைகள் அப்படியே இருக்கின்றனவா என்று இன்ஸ்பெக்டரில் பார்த்த பிறகே ஒப்புதல் தருகிறேன்.