தஞ்சாவூர் அரண்மனைக்குக் குடும்பத்தோடு போவதென்றால்

தஞ்சாவூருக்கு ஒரு நாள் பயணம் வருகிறவர்களில் பெரும்பாலோர் கோட்டை விடுவது நேரத்தில்தான். பத்தரை மணிக்குப் பெரிய கோயில், வெயிலில் காய்ந்த பிராகாரத்தில் வெறுங்காலோடு தாண்டித் தாண்டி ஒரு சுற்று, நடை சாத்தும் நேரத்துக்கு வெளியே வந்து, அரண்மனை வாசலில் நிற்கும்போது மணி ஒன்று. அங்கே மத்தியான இடைவேளை. பிள்ளைகளுக்குப் பசி, பெரியவர்களுக்குக் கால்வலி, எல்லோருக்கும் எரிச்சல்.

வரிசையை மாற்றிப் போடுங்கள். ஒன்பது மணிக்கு அரண்மனை, மத்தியானம் சாப்பாடு, வெயில் தாழ்ந்ததும் சிவகங்கைப் பூங்கா, நாலு மணிக்கு மேல் நடை திறந்த பிறகு கோயில். பூங்காவும் கோயிலும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் அங்கே நடையே போதும். புதிய பேருந்து நிலையத்தில் இறங்குகிறவர்கள் டவுன் பஸ் ஏறிப் பழைய பேருந்து நிலையம் வந்துவிட்டால், அங்கிருந்து அரண்மனை நடக்கிற தூரம்தான். முழங்கால் வலி உள்ளவர்களை மட்டும் ஆட்டோவில் ஏற்றுங்கள். உள்ளே போனபிறகும் நடை நிறைய இருக்கிறது. புதன்கிழமை வேண்டாம், அன்று அரண்மனைக்குள் இருக்கும் சரஸ்வதி மகால் நூலகத்துக்கு விடுமுறை.

மைசூர் அரண்மனையை மனதில் வைத்துக்கொண்டு வந்தால் ஏமாற்றம்தான். இது 16-ஆம் நூற்றாண்டில் நாயக்கர்கள் தொடங்கி, பின்னால் வந்த மராட்டியர்கள் 1855 வரை கட்டிச் சேர்த்துக்கொண்டே போன கட்டடக் கூட்டம். காரை உதிர்ந்த சுவரும் உண்டு, வண்ணம் மங்காத தூணும் உண்டு. கலைக்கூடம், தர்பார் மண்டபம், நூலகக் காட்சிக்கூடம் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிர்வாகத்தின் கையில் இருப்பதால் நுழைவுச்சீட்டும் தனித்தனி, கேமராவுக்கும் தனி. ‘ஏற்கெனவே வாங்கிவிட்டோமே’ என்று வாசலுக்கு வாசல் சண்டை போடுவதில் பயனில்லை. பத்து, இருபது ரூபாய்ச் சில்லறையை ஒரே ஆளிடம் கொடுத்து வையுங்கள்.

முதலில் கலைக்கூடம். நேரத்தை இங்கே தாராளமாகச் செலவழிக்கலாம். திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர், அதாவது காளையை வாகனமாகக் கொண்ட சிவன், இருக்கிறார்: 1011-ஆம் ஆண்டுச் செப்புத் திருமேனி. காலை மாற்றி ஒயிலாக நிற்கிறார். சடையைத் தலைப்பாகை போலச் சுருட்டிக் கட்டி, அதற்குள் பாம்புகளை நெளியவிட்டிருக்கிறார்கள். வலக்கை எதன்மேலோ சாய்ந்தபடி அந்தரத்தில் நிற்கும். அது காளையின் மேல் ஊன்றிய கை, காளைதான் இல்லை. ‘காளை எங்கே நின்றிருக்கும்?’ என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், ஓடிப் போகிற பிள்ளையும் நின்று பார்க்கும். பக்கத்தில் அம்மன். முன்பக்கம் மட்டும் பார்த்துவிட்டு நகராமல் பக்கவாட்டிலும் ஒருமுறை நில்லுங்கள். இடுப்பின் வளைவு அங்கேதான் தெரியும். தாராசுரத்து யானை உரித்தவரையும் விடக்கூடாது. சிவன் ஆடுகிற வேகத்துக்குப் பயந்து, பிள்ளையை அணைத்துக்கொண்டு விலகுகிறாள் பார்வதி. கல்லில் அந்த ஒதுங்கல் அப்படியே இருக்கிறது.

அடுத்தது சரஸ்வதி மகால் காட்சிக்கூடம். மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) சேர்த்த சுவடி, புத்தகச் சேகரத்திலிருந்து கொஞ்சம்தான் இங்கே வெளியில் இருக்கும். சுவடி அறைக்குள் சுற்றிப்பார்க்க வருகிறவர்களை விடுவதில்லை. மனித முகத்தையும் மிருக முகத்தையும் ஒப்பிட்டு வரைந்த சார்ல் லெ ப்ரன் என்ற பிரெஞ்சுக்காரரின் படங்கள் பிள்ளைகளுக்கு நன்றாகப் பிடிக்கும். யார் முகம் யாருக்கு என்று சித்தப்பா, மாமாவை வம்புக்கு இழுக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. உள்ளே படம் எடுக்கக்கூடாது. தர்பார் மண்டபத்துக்குக் கால்மணி நேரம் போதும். அரண்மனைக் கோபுரத்தில் ஏற அனுமதித்தால், படிகள் குறுகலாகவும் உயரமாகவும் இருக்கும், வெளிச்சமும் குறைவு. பாட்டியைக் கீழேயே உட்கார வையுங்கள். சுரங்கப்பாதைக் கதையோடு யாராவது கூடவே வந்தால் கதையைக் கேளுங்கள், நம்பவேண்டியதில்லை.

கட்டுச்சோறு எடுத்துப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆறு பேருக்குப் புளியோதரைக்கு அரைக் கிலோ அரிசி, தயிர்சாதத்துக்கு முந்நூறு கிராம் வைத்தால் தாராளம். சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி நல்லெண்ணெய் விட்டு ஆறவிட்ட பிறகே புளிக்காய்ச்சலைக் கலக்கவேண்டும். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் மூடியில் ஆவி கோத்துச் சொட்டி, மத்தியானத்துக்குள் சோறு நசநசத்துவிடும். தயிர்சாதத்துக்குத் தயிரைக் கொட்டாதீர்கள். குழைய வடித்த சோறு நன்றாக ஆறியதும், காய்ச்சி ஆறிய பால் ஒரு லிட்டர் விட்டுப் பிசைந்து, இரண்டு மூன்று கரண்டி தயிர் மட்டும் சேர்த்தால் சாப்பிடும் நேரத்துக்குச் சரியாகத் தோய்ந்திருக்கும். நார்த்தங்காய், மோர்மிளகாய் போதும். தேங்காய்த் துவையல் வெயிலில் ஊசிப்போகும். இலையை அடுப்புத் தணலில் வாட்டி எடுத்துக்கொண்டால் மடித்தாலும் கிழியாது.

அரண்மனைக்குள் பெரிய நந்தவனம் எதுவும் கிடையாது, முற்றங்கள்தான். மரநிழலும் புல்தரையும் வேண்டுமென்றால் பெரிய கோயிலை ஒட்டிய சிவகங்கைப் பூங்காதான். 19-ஆம் நூற்றாண்டில் நகராட்சி போட்ட பூங்கா; பக்கத்தில் சிவகங்கைக் குளம். அங்கேயே 1779-இல் கட்டிய ஸ்வார்ட்ஸ் தேவாலயம். மரணப்படுக்கையில் கிடக்கும் ஸ்வார்ட்ஸ் பாதிரியாரின் கையைச் சரபோஜி பிடித்திருக்கும் பளிங்குச் சிற்பம் உள்ளே இருக்கிறது, ஆங்கிலேயச் சிற்பி ஃப்ளாக்ஸ்மன் செதுக்கியது. கதவு திறந்திருந்தால் தவறவிடாதீர்கள்.

மே மாதத்தில் இந்தத் திட்டம் எதுவும் சரிப்படாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை எப்போது பிடிக்கும் என்று சொல்ல முடியாது, ராஜராஜ சோழன் பிறந்தநாளான சதய விழா சமயத்தில் கூட்டமும் சேரும். தை, மாசிதான் தோது. தலையாட்டிப் பொம்மை வாங்கினால் கடையிலேயே நன்றாகச் சாய்த்து விட்டுப் பாருங்கள். அடிப்பாகம் கனமாக இருந்தால் தானே நிமிரும். கோணலாகவே நின்றுவிட்டால் வேறு எடுக்கச் சொல்லுங்கள்.