அரை மணி தமிழ், அரை மணி அவர்கள் மொழி

ஜூலை 6
வெளிநாட்டு மாணவரோடு மொழிப் பயிற்சிக்கு ஒரு மணி நேரம் போதும், ஆளுக்குப் பாதி. அலைபேசியில் அலாரம் வைப்பது முக்கியம். இல்லாவிட்டால் இருவருக்கும் சுமாராகத் தெரிந்த மொழி, பெரும்பாலும் ஆங்கிலம், பத்தாவது நிமிடத்தில் உள்ளே புகுந்து கடைசிவரை நகராது. எந்த மொழியில் தடுமாற்றம் அதிகமோ அதில் தொடங்குங்கள். களைத்த பிறகு அது வாயில் வராது.

ஜூலை 13
எந்தத் தமிழ் என்பதை முதலிலேயே பேசிவிட வேண்டும். பாடநூலில் படித்தவர் "வந்துகொண்டிருக்கிறேன்" என்பார். நாம் "வந்துட்டிருக்கேன்" என்றால் திகைப்பார். குறிப்பேட்டில் இடப்பக்கம் எழுத்து வடிவம், வலப்பக்கம் பேச்சு வடிவம். 'நாம', 'நாங்க' வேறுபாட்டையும் இன்றே சொல்லிவிடலாம். "நாங்க போறோம்" என்று கூட வரச்சொல்லி அழைப்பவர்கள் உண்டு. கேட்டவர் உட்கார்ந்த இடத்திலேயே இருப்பார்!

ஜூலை 20
உச்சரிப்பு. மெல்லிய தாள் துண்டு ஒன்றை வாய்க்கு முன் பிடியுங்கள். ஆங்கிலம் தாய்மொழியானவர் 'படம்' என்றால் தாள் ஆடும். ஆடாமல் சொல்லப் பழக வேண்டும். நமக்கு நேர் எதிர்ச் சிக்கல். ஆங்கிலத்தில் 'பின்' என்னும்போது தாள் ஆடாவிட்டால், ஊசி கேட்டது அவர்கள் காதில் குப்பைத்தொட்டியாக விழும்.

கொரியருக்குக் 'கடல்', 'பகல்' இரண்டிலும் ககரம் வேறுபடுவது புதிதல்ல. சொல் முதலில் அழுத்தம், உயிர்களுக்கு நடுவே மென்மை என்பது அவர்கள் மொழியிலும் உண்டு. ஜப்பானியருக்குக் 'கரை', 'கலை' குழம்பும். ழகரம் எல்லோருக்கும் பாடுதான் (நம்மில் பலருக்கும்). 'கிளி'க்கு மடங்கிய நாக்குநுனி அண்ணத்தைத் தொடும், 'கிழி'க்குத் தொடாமல் நிற்கும். இந்த இரண்டை மாற்றி மாற்றிப் பத்து முறை.

ஜூலை 27
வார்த்தைக்கு வார்த்தை திருத்தினால் எதிரில் இருப்பவர் வாயை மூடிக்கொள்வார். பிழைகளைக் குறித்துவைத்து, கடைசி ஐந்து நிமிடத்தில் மூன்றை மட்டும் சொல்லுங்கள். பொருள் மாறிப்போகிற பிழைக்கே முதலிடம்.

ஆகஸ்ட் 3
"உங்கள் பண்பாட்டைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் பேச்சு இரண்டு வாக்கியத்தில் படுத்துவிடும். சின்னதாகக் கேளுங்கள். இன்று பெயர்கள். கொரியரும் சீனரும் ஹங்கேரியரும் குடும்பப் பெயரை முன்னால் வைப்பார்கள். தமிழரில் பலருக்குக் குடும்பப் பெயரே கிடையாது, அப்பா பெயரின் தலைப்பெழுத்துதான். படிவத்தில் அந்தக் கட்டத்தை எப்படி நிரப்புவது என்று விளக்கத் தொடங்கினாலே அரை மணி ஓடிவிடும்.