சிலிக்கன்மேல் வெள்ளி நானோ துகள்: நடுவில் இருக்கும் ஆக்சைடைக் கவனியுங்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக்குப் பஞ்சமில்லை. அதற்காகக் கொலுசுப் பட்டறைத் துண்டை, உலோகத்தை ஆவியாக்கிப் படியவைக்கும் பூச்சுக் கருவிக்குள் வைத்துவிடாதீர்கள். பற்றாசில் துத்தநாகம் இருக்கும். வெள்ளி உருகுமுன்னே அது ஆவியாகி அறை முழுவதும் படியும், அடுத்து வருபவரின் வேலையும் கெடும். 99.99 சதவீதத் தூய்மையுள்ள கம்பிதான் சரி. ஒரு தடவைக்குக் கொஞ்சமே போதும் என்பதால் செலவும் பெரிதில்லை.

முதலில் சிலிக்கன் வேஃபரில் (மெல்லிய சிலிக்கன் தகடு) 20 நானோமீட்டர் ஆக்சைடுப் படலம் வளர்த்துக்கொள்ளுங்கள். பலர் அலட்சியம் செய்வது இதைத்தான். நீரில் மிதக்கும் சிறு வெள்ளித் துகளின் பிளாஸ்மான் ஒத்ததிர்வு, அதாவது ஒளி பட்டு அதன் எலக்ட்ரான்கள் சேர்ந்து ஆடுவது, 400 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி வரும். ஒளிவிலகல் எண் 4-ஐ நெருங்கும் சிலிக்கனை அதே துகள் நேராகத் தொட்டால் நிறமாலையில் அந்த ஒத்ததிர்வின் உச்சி சிவப்புப் பக்கம் நகர்ந்து, அகன்று, மங்கிப்போகும். ஆக்சைடின் தடிமனை 10 முதல் 30 நானோமீட்டர் வரை மாற்றினாலே உச்சியின் இடம் மாறும். துகள் அளவோடு மல்லுக்கட்டுவதைவிட இது சுலபம்.

மாலிப்டினம் படகில் (உலோகத்தை வைத்துச் சூடாக்கும் சிறு தட்டு) வெள்ளியை வைத்து, 10⁻⁶ மில்லிபார் வெற்றிடத்தில், நொடிக்கு 0.1 நானோமீட்டர் வீதம் 12 நானோமீட்டர் பூசுங்கள். பிடிப்புக்காக அடியில் குரோமியம் போடும் பழக்கம் இங்கே ஆகாது: வெள்ளி சரியாகத் திரளாது, ஒத்ததிர்வும் அமுங்கும். பிறகு நைட்ரஜனில் 250 டிகிரி செல்சியஸ், ஒரு மணி நேரம். படலம் அறுந்து ஏறக்குறைய 100 நானோமீட்டர் துகள்களாகும். 20-க்கு மேல் பூசினால் ஒன்றோடொன்று பிணைந்த நீளத் திட்டுகளே மிஞ்சும். தங்கம் என்றால் ஆக்சைடு இன்னும் கட்டாயம். வெறும் சிலிக்கனோடு அது 363 டிகிரியிலேயே சேர்ந்து உருகிவிடும்.

ஒழுங்கான வடிவம் வேண்டுமா? 500 நானோமீட்டர் பாலிஸ்டைரின் மணிகளை ஒற்றை அடுக்காகப் படியவிட்டு மேலே பூசி, மணிகளை டொலுவீனில் கரைத்தால் இடுக்குகளில் முக்கோணங்கள் நிற்கும்.

1100 நானோமீட்டருக்குக் கீழே வேஃபர் ஒளியைக் கடத்தாது. ஊடுருவல் அளவீடு வீண். எல்லாத் திசையிலும் சிதறும் ஒளியைச் சேர்த்தெடுக்கும் ஒருங்கிணைக்கும் கோளம் பொருத்திப் பிரதிபலிப்பை அளவிடுங்கள். ஒப்பீட்டுக்கு அதே ஆக்சைடு உள்ள வெறும் வேஃபர் வேண்டும். ஆக்சைடு இல்லாத வேஃபரே 600 நானோமீட்டரில் 35 சதவீதம் திருப்பிவிடும். பிரதிபலிப்பு குறைந்ததும் சூரிய மின்கலத்துக்கு லாபம் என்று எழுதிவிட வேண்டாம். அந்த ஒளியை வெள்ளியே வெப்பமாக்கித் தின்றிருக்கலாம். ஒளிமின்னோட்டத்தையும் அளந்து பாருங்கள்.

கொலுசு கறுப்பது போலவே இதுவும் கறுக்கும். கொலுசைத் துலக்கலாம், இங்கே சில நானோமீட்டர் சல்பைடே உச்சியை நகர்த்திவிடும். மாதிரிப் பெட்டியில் ரப்பர் பேண்ட் போடாதீர்கள், அதில் கந்தகம் உண்டு. அலுமினாவால் (அலுமினியம் ஆக்சைடு) மெல்லியதாக மூடினால் தாங்கும். ஆனால் உச்சி இன்னும் கொஞ்சம் சிவப்புக்கு நகரும், ஆகவே கடைசி அளவீட்டை மூடிய பிறகே எடுங்கள்.